ஏரியில் ப்ளூகில், கிராப்பி பிடிக்க எந்த இரை, எந்த முள்? சோதித்துப் பார்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,842 என்பது அரசுக் கணக்கு. அவற்றில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஊர்க் கண்மாயில் சோளத்தட்டைத் தக்கையும் மண்புழுவுமாகக் கெண்டை பிடித்துப் பழகிய கை, இங்கே வந்து முதல் கோடை முழுக்கத் தடுமாறியது. இரை மட்டும் காணாமல் போகும், மீன் வராது. அதன்பின் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். இந்தப் பக்கத்து ஏரிகளுக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், என் நோட்டிலிருந்து நான் சொல்லும் பதில்களும் இவை.

'பேன்ஃபிஷ்' என்று சொல்கிறார்களே, அது என்ன மீன்?

ஒரு தனி மீனின் பெயர் அல்ல. வாணலிக்குள் முழுசாக அடங்கும் அளவுள்ள ஏரி மீன்களுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லும் பெயர். இந்தப் பக்கம் முக்கியமாக நான்கு. ப்ளூகில்லுக்குச் செவுள் மூடியின் ஓரத்தில் கறுப்பு மடல் இருக்கும். பம்ப்கின்சீட்டுக்கு அதே மடலின் நுனியில் செம்புள்ளி தெரியும். இவை இரண்டையும் உள்ளூர்க்காரர்கள் 'சன்னி' என்பார்கள். கிராப்பி வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு தட்டையாக இருக்கும். மஞ்சள் பெர்ச்சுக்கு உடம்பில் செங்குத்தான கரும்பட்டைகள்.

நம் ஊர் ஜிலேபிக் கெண்டையைப் பார்த்தவர்களுக்கு ப்ளூகில்லின் உருவம் அந்நியமாகத் தெரியாது. ஆனால் வாய் மிகச் சிறியது. இந்தக் கேள்வி பதிலில் நான் சொல்வதில் பாதி அந்தச் சின்ன வாயைப் பற்றியதுதான்.

முதல் நாள் போக என்னென்ன வேண்டும்?

முதலில் உரிமம். மினசோட்டாவில் 16 வயது ஆனவர்கள் மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும், அதற்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குத் தேவையில்லை. வேறு மாநிலத்தில் வயது வரம்பு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் என்று எடுத்தால் ஆறு அடி நீளத்தில் 'அல்ட்ராலைட்' என்று விற்கும் மெல்லிய ராடு, அதற்கேற்ற சிறிய ரீல், நான்கு பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு, பத்து முட்கள், இரண்டு தக்கை, நரம்பில் பாரத்துக்குக் கோக்கும் பொடிக் குண்டுகள் ஒரு டப்பா, முள் கழற்ற நீண்ட மூக்குக் குறடு. இவ்வளவுதான். கடையில் 'எல்லாம் அடங்கியது' என்று விற்கும் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு நரம்பும், கட்டைவிரல் அளவு முள்ளும், கோலிக்குண்டைவிடப் பெரிய சிவப்பு வெள்ளைத் தக்கையும் வரும். ப்ளூகில்லுக்கு அதில் எதுவும் ஒத்துவராது. என் முதல் கோடை வீணானது அப்படி ஒரு பெட்டியால்தான்.

என்ன அளவு முள்?

முள்ளின் எண் ஏற ஏற முள் சிறியதாகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'பெரிய நம்பர் வேண்டாம்' என்று 2 ஆம் எண்ணை வாங்கிவருபவர்கள் பலர். ப்ளூகில்லுக்கு 8 அல்லது 10. கிராப்பிக்கு வாய் அகலம், 4 அல்லது 6 போதும். பெர்ச்சுக்கு 6 அல்லது 8.

வடிவமும் முக்கியம். காம்பு நீண்ட, கம்பி மெல்லிய முள்ளைக் கேளுங்கள். 'ஆபர்டீன்' என்ற பெயரில் கிடைக்கும். அதில் மூன்று நன்மை உண்டு. மெல்லிய கம்பி என்பதால் சிறு புழு கிழியாமல் ஏறும். மீன் உள்ளே இழுத்துவிட்டாலும் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கழற்றலாம். கட்டையிலோ வேரிலோ சிக்கினால் மெதுவாக இழுக்கும்போது முள் நிமிர்ந்து விடுபட்டுவிடும், நரம்பு அறாது. நிமிர்ந்த முள்ளைக் குறடால் வளைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

இரை காணாமல் போகிறது, மீன் மாட்டவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது முள்ளின் அளவைத்தான். பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கோளாறு அங்கேதான்.

தக்கை அசைகிறது, தாழ்வதில்லை. ஏன்?

ப்ளூகில் இரையைக் கவ்வுவதில்லை, உறிஞ்சுகிறது. வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுக்கும். இழுத்தபின் ஏதோ பிடித்துத் தடுப்பது தெரிந்தால் அதே வேகத்தில் துப்பிவிடும். உருண்டைத் தக்கை தண்ணீரில் தாழ மறுக்கும். அந்தத் தடுப்பு மீனுக்குத் தெரிந்துவிடுகிறது.

பென்சில்போல மெலிந்து நீண்ட தக்கைக்கு மாறுங்கள். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் தக்கையை விட்டு, பொடிக் குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நுனி ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே நிற்கும் அளவு வந்ததும் நிறுத்துங்கள். இனி மீன் லேசாக உறிஞ்சினாலும் தக்கை எதிர்ப்பில்லாமல் போகும். நம் ஊரில் மயிலிறகுத் தண்டையோ நெட்டியையோ தக்கையாகக் கட்டியதும் இதே கணக்குத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தக்கை கீழே போவது மட்டும் கடி அல்ல. நிமிர்ந்து நின்ற தக்கை படுத்துவிட்டால், மீன் இரையை எடுத்துக்கொண்டு மேலே வந்து குண்டின் பாரத்தை நீக்கிவிட்டது என்று பொருள். அப்போதும் தூக்கலாம்.

ஆறடிக்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் நரம்பில் ஓடும் தக்கை வாங்குங்கள். நரம்பில் ஒரு சிறு நூல் முடிச்சைப் போட்டுவிட்டால் தக்கை அந்த முடிச்சுவரை ஓடி நிற்கும். முடிச்சை நகர்த்தி ஆழத்தை மாற்றலாம், வீசும்போதும் இடைஞ்சல் இல்லை.

எந்த இரை நல்லது?

இதற்கு ஒரே பதில் கேட்பவர்களுக்கு: சிவப்பு மண்புழுவின் ஒரு சின்னத் துண்டு. எல்லாப் பருவத்திலும், இந்த நான்கு மீனுக்கும் ஏதாவது பலன் தரும். முழுப் புழுவைக் கோக்காதீர்கள். தொங்கும் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். முள்ளை மறைக்கும் அளவு, அரை அங்குலம் போதும்.

கடைகளில் 'வாக்ஸ் வர்ம்' என்று விற்பது தேன்கூட்டைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. வெண்ணிறம், மென்மை, உள்ளே கொழுப்பு. மீனுக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் ஒரு கடியில் தோல்தான் மிஞ்சும். 'மீல் வர்ம்' வண்டுப் புழு. தோல் கெட்டி என்பதால் ஒரே புழுவில் இரண்டு மூன்று மீன் பிடிக்கலாம். மீன் தயக்கமில்லாமல் கடிக்கும் நாளில் மீல் வர்ம், தயங்கும் நாளில் வாக்ஸ் வர்ம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோடையில் வெட்டுக்கிளியும் சில்வண்டும் அருமையான இரை. ஈப்புழு குளிர்காலத்துக்கு. சிறு அட்டையை ப்ளூகில் விட்டுவைக்காது, முள்ளிலும் உறுதியாக நிற்கும். தொடுவதற்குக் கூச்சப்படுபவர்கள்தான் நம்மில் அதிகம். பொடி மீன் கிராப்பிக்கும் பெர்ச்சுக்கும். ப்ளூகில்லின் வாய்க்கு அது பெரிது.

புழுவைத் தொட மனம் வரவில்லை. சமையலறையில் இருப்பதை வைத்துப் பிடிக்க முடியாதா?

முடியும். இறால்தான் முதல் தேர்வு. தோல் நீக்கிய பச்சை இறாலை உளுந்து அளவுக்கு நறுக்கி, கொஞ்சம் உப்பைத் தூவி ஒரு இரவு குளிர்பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். முள்ளில் நன்றாக நிற்கும், மணமும் உண்டு. சமையலுக்கு வாங்கிய இறாலில் இரண்டை எடுத்து வைத்தால் ஒரு மாலைக்குப் போதும்.

சப்பாத்தி மாவை ப்ளூகில் கடிக்கும், குறிப்பாக ஏரிக்குள் நீளும், மக்கள் வாத்துக்கு ரொட்டி போடும் மேடைகளின் அருகில். ஆனால் மாவு கரைந்துவிடும். மாவைப் பிசையும்போது பஞ்சுத் துகளைச் சேர்ப்பது ஊரில் பார்த்த வழி. அந்தப் பஞ்சை மீன் விழுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, இப்போது செய்வதில்லை. பதிலாக மாவைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து மிளகு அளவில் உருட்டி, அடிக்கடி மாற்றுகிறேன்.

இரையையும் தூண்டிலையும் எப்படி முறையாகச் சோதிப்பது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இது எளிதாகத் தெரியும், ஏரிக்கரையில் கடைப்பிடிப்பது கடினம். அரைமணி நேரம் கடி இல்லையென்றால் கை தானாக இரையை மாற்றும், கூடவே தக்கையை நகர்த்தும், இடத்தையும் மாற்றும். பிறகு மீன் வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாற்றும் வரிசையும் முக்கியம். நான் பின்பற்றுவது: முதலில் ஆழம், பிறகு இரையின் அளவு, பிறகு இரையின் அசைவு, பிறகு இரையின் வகை, கடைசியில் நிறம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறம் நிறமாக வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்கள், தக்கை மட்டும் அதே மூன்றடியில் இருக்கிறது. மீன் எட்டடியில் நிற்கும்போது மூன்றடியில் எந்த நிறம் தொங்கினால் என்ன?

ஆழத்தை இப்படிச் சோதியுங்கள். தரையைத் தொடும் அளவு இறக்கிவிட்டு, ஒரு அடி மேலே ஏற்றித் தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் கடி இல்லையென்றால் இன்னும் ஒரு அடி. கடி கிடைத்த ஆழத்தில் இரண்டாவது கடியும் கிடைத்தால் அங்கே நில்லுங்கள்.

அடுத்து, இரண்டு இரையை ஒப்பிடும் முறை. இதை நான் பிந்தித்தான் கற்றேன். மண்புழுவில் கால்மணி நேரம் ஒன்றும் இல்லை, இறாலுக்கு மாறியதும் மூன்று மீன் என்றால் இறால் ஜெயித்துவிட்டது என்று எழுதிவைத்துவிடுவேன். ஆனால் அந்த நேரத்தில் ஒரு கூட்டம் அந்தப் பக்கம் வந்திருக்கலாம். ஆகவே, மீன் வர ஆரம்பித்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மறுபடி மண்புழுவுக்குத் திரும்புங்கள். மண்புழுவுக்கும் வந்தால் மாறியது மீன்தான், இரை அல்ல. மண்புழுவுக்கு நின்று, மறுபடி இறாலுக்கு வந்தால் அப்போது நம்பலாம்.

இன்னும் நல்ல வழி, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. மினசோட்டாவில் திறந்த நீரில் ஒருவருக்கு ஒரு தூண்டில்தான் அனுமதி. நானும் என் மகளும் ஒரே ஆழம், ஒரே முள், ஒரே தக்கை வைத்து இரையை மட்டும் வேறாக்குவோம். கால்மணிக்கு ஒருமுறை இரையை மாற்றிக்கொள்வோம். மாற்றிக்கொள்ளாவிட்டால் அவள் நிற்கும் இடம் நல்ல இடமா, அவள் இரை நல்ல இரையா என்று பிரித்தறிய முடியாது. ஒரு ஜூன் மாலையில் வாக்ஸ் வர்ம் யார் கையில் இருந்ததோ அவர் பக்கமே தக்கை தாழ்ந்தது. மூன்று முறை மாற்றியும் அப்படியே. அந்த ஒரு மாலை எனக்குக் கடைக்காரர்களின் நூறு யோசனையைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

நோட்டில் எழுத வேண்டியவை: நேரம், தண்ணீரின் வெப்பம், ஆழம், இரை, எத்தனை கடி, எத்தனை மீன். கடியையும் மீனையும் தனித்தனியாக எழுதுங்கள். கடி இல்லையென்றால் ஆழமோ இரையோ தவறு. கடி நிறைய, மீன் குறைவு என்றால் முள்ளோ தக்கையோ தவறு.

பெரிய இரை போட்டால் பெரிய மீன் வருமா?

வாய்க்கு அடங்கும் எல்லைக்குள், ஓரளவு வரும். ஆனால் மீன் எப்போது பெரிய இரையைத் தேர்ந்தெடுக்கிறது என்பதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. 1974 இல் ஏர்ல் வெர்னர், டொனால்ட் ஹால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ப்ளூகில்லை வைத்தே இதைச் சோதித்தார்கள். டாஃப்னியா என்னும் பொடி நீருயிர்களைப் பல அளவுகளில் கலந்து கொடுத்தார்கள். உணவு அரிதாக இருந்தபோது மீன்கள் எதிரே வந்த எல்லா அளவையும் தின்றன. உணவு மிகுந்தபோது சிறியதை ஒதுக்கிவிட்டுப் பெரியதை மட்டும் எடுத்தன. தேடலுக்கும் துரத்தலுக்கும் ஆகும் செலவை அவை கணக்குப் பார்க்கின்றன.

கரையில் நிற்கும் நமக்கு இதில் பாடம் உண்டு. வசந்தத்தின் தொடக்கத்திலும் பனிக்காலத்திலும் ஏரியில் உணவு குறைவு, மிகச் சிறிய இரையும் புறக்கணிக்கப்படாது. கோடையில் பூச்சிகள் கொழிக்கும்போது அரை அங்குலத் துண்டை ஒருமுறை முக்கால் அங்குலமாக்கிப் பாருங்கள். வரும் மீனின் அளவு மாறுகிறதா என்று எழுதிவையுங்கள்.

மீன்கள் இரையைச் சுற்றி நிற்பது தெரிகிறது, கடிக்கவில்லை. என்ன செய்வது?

தெளிந்த நீரில் மேடையிலிருந்து இதைப் பார்க்கலாம். ப்ளூகில் ஒன்று இரைக்கு இரண்டு அங்குலம் முன்னால் வந்து அப்படியே நிற்கும். பார்த்துக்கொண்டே இருக்கும், பிறகு திரும்பிவிடும். நரம்பை இரண்டு பவுண்டுக்கு மாற்றுங்கள். முள்ளுக்கு மேலே இருக்கும் குண்டை ஓர் அடி தள்ளி ஏற்றுங்கள், இரை மெதுவாக, தானாக விழுவதுபோல இறங்கட்டும். பலமுறை கடி விழும்போதுதான் வருகிறது, நின்றபின் அல்ல. அதுவும் பலிக்கவில்லையென்றால் குண்டே இல்லாமல் முள்ளும் இரையும் மட்டும் போட்டுப் பாருங்கள்.

பொடி மீன்களே வருகின்றன. பெரியவை எங்கே?

கரையோர ஆழமற்ற நீரில் சிறியவை. அவை இரைக்கு முதலில் ஓடிவரும். பெரியவை நீர்க்களை முடியும் விளிம்பில், ஆழம் தொடங்கும் இடத்தில் நிற்கும். தக்கையை அந்த விளிம்புக்கு வெளியே போடுங்கள். கொஞ்சம் கனமான குண்டு போட்டு இரையைச் சின்ன மீன்களைத் தாண்டிச் சீக்கிரம் இறக்குவதும் உதவும். முந்தைய பதிலுக்கு நேர் எதிராக இருக்கிறதே என்று தோன்றலாம். நோக்கம் வேறானால் உத்தியும் வேறாகிறது.

நிறம் முக்கியமா?

குறைவாக. கலங்கிய பச்சைத் தண்ணீரில் பளிச்சென்ற மஞ்சள்பச்சை, தெளிந்த தண்ணீரில் பழுப்பு, வெள்ளை, கறுப்பு. ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மங்கிவிடும். இதற்கு மேல் நிறத்தில் பணம் செலவழிப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

உயிர் இரை இல்லாமல், செயற்கை இரை மட்டும் போதுமா?

போதும், கை பழக வேண்டும். ஜிக் என்பது முள்ளிலேயே கனமான தலை வார்த்த இரை. ப்ளூகில்லுக்கு அவுன்ஸில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு முதல் முப்பத்திரண்டில் ஒரு பங்கு வரை. பெரியதே ஒரு கிராமுக்கும் குறைவுதான். கிராப்பிக்குப் பதினாறில் ஒரு பங்கு. இவ்வளவு எடை குறைந்ததை வெறுமனே வீச முடியாது, அதனால் தக்கைக்குக் கீழே கட்டி வீசி, சிறிது இழுத்து நிறுத்தி, மறுபடி இழுத்து நிறுத்த வேண்டும். நிறுத்தும் இடத்தில்தான் கடி. புதியவர்கள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். நிறுத்துவதற்குப் பொறுமை வேண்டும், ஐந்து எண்ணுங்கள்.

ஜிக்கின் முனையில் ஒரு வாக்ஸ் வர்ம் கோத்துவிட்டால் இரண்டின் பலனும் சேரும். ஃப்ளை ராடு (எடையில்லாத செயற்கைப் பூச்சியை வீசும் ராடு) வைத்திருப்பவர்கள் ஜூன் மாலைகளில் நுரையால் செய்த சிலந்தி இரையைத் தண்ணீர்மேல் போட்டுப் பாருங்கள். ப்ளூகில் மேலே வந்து எடுக்கும் அந்தச் சின்ன 'சப்' சத்தத்துக்காகவே நான் அதைக் கற்றுக்கொண்டேன்.

கிராப்பிக்கு வேறு முறையா?

ஆமாம். கிராப்பியின் கண்கள் பெரியவை, வெளிச்சம் மங்கும்போதும் நன்றாகப் பார்க்கும். பொழுது சாயும் அரைமணிதான் அதன் நேரம். மேலே பார்த்து வேட்டையாடும் மீன் அது. அது நிற்கும் ஆழத்துக்கு ஓரடி மேலேயே இரை இருக்கட்டும், கீழே போனால் கவனிக்காது. பொடி மீனை முதுகுத் துடுப்புக்குக் கீழே, முதுகெலும்பைத் தொடாமல் கோத்தால் அது நீந்திக்கொண்டே இருக்கும்.

அதன் உதடு காகிதம்போல மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். சீராக, பாரம் விடாமல் உயர்த்துங்கள், மேடைக்குத் தூக்கச் சிறு வலை வைத்திருங்கள்.

ரீல் இல்லாமல், ஊரில் பிடித்ததுபோல வெறும் கழியில் பிடிக்கலாமா?

தாராளமாக. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நீண்ட மூங்கில் கழியில் கிராப்பி பிடிப்பது பழைய வழக்கம். பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள, உள்ளுக்குள் மடங்கும் கழிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. கழியின் நீளத்துக்கே நரம்பு கட்டினால் சிக்கல் விழாது, நீர்க்களையின் இடுக்குகளில் நேராக இறக்கலாம், தினமும் ஒரே ஆழத்தில் நிற்கும். சோதனை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. பிள்ளைகளுக்கு முதலில் இதையே கொடுங்கள்.

எந்த மாதம் எங்கே நிற்கும்?

முட்டையிடக் கிராப்பிதான் முதலில் கரையோரம் வரும், தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது. ப்ளூகில்லுக்கு 70 டிகிரியை ஒட்டி. மே கடைசியிலிருந்து ஜூனில், ஆழமற்ற மணல்தரையில் தட்டுத் தட்டாகக் கூடுகள் தேன்கூடுபோலத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் மீன் காவல் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் நண்பகலில் ஆழத்துக்கு நகர்ந்துவிடும். ஆனாலும் ஏரியின் அடிமட்டத்தில் அப்போது உயிர்வளி குறைந்திருக்கும், அதனால் அடிவரை போகாமல் நடுநீரில் தொங்கும். அந்த நேரத்தில் தரையில் இரையைக் கிடத்துவது வீண். பெர்ச் மட்டும் தரையை ஒட்டித் திரியும்.

பனி உறைந்த ஏரியில்?

தெளிந்த, புதிய பனி குறைந்தது 4 அங்குலம் இருந்தால்தான் நடக்கலாம் என்பது மாநில அரசின் அறிவுரை. அதிலும் தனியாகப் போகாதீர்கள். உடல் குளிர்ந்த மீன் மெதுவாகத்தான் எதையும் செய்யும், இரையை விரட்டாது. நான்கு மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஜிக், இரண்டு ஈப்புழு, இரண்டு பவுண்டு நரம்பு, கையில் லேசான நடுக்கம்போல ஓர் அசைவு. அவ்வளவே.

மீன் முள்ளை விழுங்கிவிட்டால்?

இழுக்காதீர்கள். காம்பு தெரிந்தால் குறடால் பிடித்து, உள்நோக்கித் தள்ளித் திருப்பி எடுங்கள். தெரியவில்லையென்றால் நரம்பை வாய் ஓரத்தில் வெட்டி விட்டுவிடுங்கள். பிடுங்குவதைவிட அதில் மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம். விடப்போகும் மீனை நனைந்த கையால் மட்டும் தொடுங்கள், அதன் உடம்பின் வழுவழுப்புதான் அதற்குக் காப்பு. முதுகு முட்களை முன்னிருந்து பின்னாகத் தடவிப் படியவைத்துப் பிடித்தால் உங்கள் கைக்கும் காயம் இல்லை. முள்ளின் கொக்கிச் செதிலைக் குறடால் நசுக்கிவிட்டால் இந்தக் கேள்வியே பாதி குறைந்துவிடும்.

ஈயக்குண்டு போடலாமா?

மினசோட்டாவில் சட்டப்படி தடை இல்லை, நான் போடுவதில்லை. மினசோட்டாவின் மாநிலப் பறவையான லூன், இரைப்பையில் இரையை அரைக்கக் கூழாங்கல் பொறுக்கும்போது தவறிய குண்டையும், குண்டோடு அறுந்துபோன மீனையும் விழுங்கி ஈய நஞ்சால் சாகிறது. ஒரு சிறிய குண்டே ஒரு பறவையைக் கொன்றுவிடும். மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் போன்ற மாநிலங்களில் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை உண்டு. வெள்ளீயம், பிஸ்மத், டங்ஸ்டன் குண்டுகள் எல்லாக் கடையிலும் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூடுதல். மாலையில் அந்தப் பறவை கூப்பிடும் குரலைக் கேட்டவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது.

மிச்சமான புழுவை ஏரிக்கரை மண்ணில் விட்டுவிடலாமா? மண்ணுக்கு நல்லதுதானே?

நம் ஊரில் நல்லது. இங்கே அல்ல. பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்த இந்தக் காடுகளில் மண்புழுவே இல்லை. இப்போது இருப்பவை வெளியிலிருந்து வந்தவை. காட்டுத் தரையில் மெத்தைபோலக் கிடக்கும் இலைச்சருகை அவை தின்றுவிடுவதால், அதை நம்பி முளைக்கும் செடிகளும் கன்றுகளும் அழிகின்றன. மிச்சப் புழுவைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். பொடி மீன்களையும் ஏரியில் விடாதீர்கள், வாளியில் இருக்கும் ஏரித் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

மீனை இடம் மாற்றுவதன் விளைவுக்கு ப்ளூகில்லே சாட்சி. 1960 இல் ஜப்பானின் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிதோ அமெரிக்காவிலிருந்து பரிசாகப் பெற்ற ப்ளூகில்களை வளர்ப்புக்காகக் கொண்டுபோனார். அவை நீர்நிலைகளில் பரவி, பீவா ஏரியின் சொந்த மீன்களை நெருக்கின. 2007 இல் பேரரசராக அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார்.

எத்தனை மீன் எடுத்துப்போகலாம்?

மினசோட்டாவின் பொது விதி, நான் எழுதும்போது: சன்ஃபிஷ் வகை (ப்ளூகில்லும் பம்ப்கின்சீட்டும் இதில் சேரும்) 20, கிராப்பி 10, பெர்ச் 20. பல ஏரிகளில் சன்ஃபிஷ் 5 அல்லது 10 தான். ஒவ்வோர் ஆண்டும் விதி மாறலாம், ஏரிக்கரைப் பலகையையும் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தையும் பாருங்கள்.

விதி அனுமதித்தாலும் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கூட்டைக் காக்கும் பெரிய ஆண் ப்ளூகில்லை விட்டுவிடுங்கள். அதை எடுத்துவிட்டால் கூட்டிலுள்ள முட்டைகளை மற்ற மீன்கள் சில நிமிடங்களில் தின்றுவிடும். அதோடு நிற்பதில்லை. பெரிய ஆண்கள் இல்லாத ஏரியில் இளம் ஆண்கள் வளர்வதை நிறுத்திச் சீக்கிரமே இனப்பெருக்கத்துக்குப் போய்விடுகின்றன. சில ஆண்டுகளில் ஏரி முழுக்க உள்ளங்கை அளவைத் தாண்டாத மீன்கள்தான். எட்டு அங்குல ப்ளூகில் ஒன்று உருவாக இந்தக் குளிரில் ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். ஆறேழு அங்குலத்தவை வீட்டுக்கு, அதற்கு மேற்பட்டவை தண்ணீருக்கு. எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம்.

எப்படிச் சமைப்பது?

துண்டு போடாதீர்கள், முள்ளோடு முழுசாகத்தான் ருசி. செதிலைக் கரண்டியின் விளிம்பால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டி, தலையையும் குடலையும் நீக்கி, இரண்டு பக்கமும் மூன்று கீறல் போடுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு. சதை மெல்லியது என்பதால் இருபது நிமிடம் ஊறினால் போதும். தோசைக்கல்லில் எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் போட்டு, ஒரு பக்கம் முறுகும்வரை தொடாமல் விட்டுத் திருப்புங்கள். சீக்கிரம் திருப்பினால் தோல் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். கறிவேப்பிலையைக் கடைசி நிமிடத்தில் அதே எண்ணெயில் போடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது விலா முட்களை நீங்களே எடுத்துக் கொடுங்கள், அவை மிக மெல்லியவை.